வரி மாற்ற ஸ்கிரிப்ட் பிழையை மறைத்து ‘வெற்றி’ என அறிவிப்பது குறித்துப் புகார்

அனுப்புநர்: கணக்குப் பொறுப்பாளர், சோப்பு, ஷாம்பு மொத்த விற்பனை நிலையம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததையொட்டி, எங்கள் விலைப்பட்டியல் கோப்புகளைத் திருத்தத் தாங்கள் அனுப்பிய ஷெல் ஸ்கிரிப்டை (கணினிக் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பை) இயக்கினோம். ‘வரி விகிதம் வெற்றிகரமாக மாற்றப்பட்டது’ என்று திரையில் வந்தது. அதை நம்பிப் பில் போட்டதில் கடைக்காரர்களிடம் பழைய வரியையே வசூலித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் கூடுதலாக வாங்கிய தொகைக்குக் கிரெடிட் நோட் (வரவுக் குறிப்பு) கொடுக்க நேர்ந்தது.

எங்கள் கணினியில்தான் கோளாறு என்று கூறித் தங்கள் உதவி மையம் புகாரை முடித்துவிட்டது. இதை ஏற்க இயலாது. மேக் கணினியிலும் இயங்கும் என்று தங்கள் கையேடே உறுதியளிக்கிறது; ஆனால் தங்கள் ஸ்கிரிப்ட், உரையைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையைப் பயன்படுத்துகிறது. மேக்கில் உள்ளது லினக்ஸில் உள்ளதிலிருந்து வேறுபட்ட பிஎஸ்டி வகை செட்; அது, கோப்பை நேரடியாகத் திருத்தும் ‘ஹைபன் ஐ’ (-i) தெரிவுக்குப் பின் வரும் மாற்றக் கட்டளையைக் காப்புக் கோப்பின் பெயருக்கான பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, அதற்கடுத்து வரும் கோப்பின் பெயரைக் கட்டளையாகப் படித்து ‘இன்வேலிட் கமாண்ட் கோட்’ என்று நின்றுவிடுகிறது. அந்தப் பிழைச் செய்தியைத் தங்கள் ஸ்கிரிப்ட், வருவதையெல்லாம் காட்டாமல் கைவிடும் டெவ் நல்லுக்கு (/dev/null) திருப்பிவிடுகிறது; வெற்றியா தோல்வியா என்று கட்டளை திருப்பிய மதிப்பையும் பார்ப்பதில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் உள்ள, செய்தியைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளை மட்டும் தவறாமல் வெற்றி என்கிறது.

லினக்ஸ் சர்வரில் நடந்தது இதைவிட மோசம். எங்கள் கோப்பில் பொருள், இருப்பு, வரி, விலை என்ற வரிசையில், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட பத்திகள் உள்ளன. தங்கள் ஸ்கிரிப்டோ பத்தியைப் பார்க்காமல், இரு காற்புள்ளிகளுக்கு நடுவே உள்ள 18-ஐத் தேடி 5 ஆக்குகிறது. இருப்பும் 18, வரியும் 18 என்றிருந்த ஷாம்பு பதிவில், முதலில் கிடைத்த 18 மாறியதால் இருப்பு 5 ஆனது. வரி 18 ஆகவே நின்றது. பொருந்தும் எல்லா இடங்களையும் மாற்றச் சொல்லும் ‘ஜி’ கொடியைச் சேர்த்தாலும் இது தீராது. இரு 18-களுக்கும் நடுவிலுள்ள காற்புள்ளி முதல் பொருத்தத்திலேயே செலவாகிவிடுவதால், இரண்டாவது 18 பொருந்தாது. பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் ஆக் (awk) கட்டளையால் மூன்றாம் பத்தியான வரியை மட்டும் மாற்றி, தற்காலிகக் கோப்பில் எழுதி, பிழையில்லை என்று சரிபார்த்த பிறகே மூலக் கோப்பின் இடத்தில் வைப்பதுதான் முறை.

இவ்வாறு திருத்திய ஸ்கிரிப்டையும், தவறு தங்களுடையது என்ற எழுத்துப்பூர்வமான பதிலையும் ஒரு வாரத்திற்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இதே ஸ்கிரிப்டைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களும் அதே வெற்றிச் செய்தியைப் பார்த்திருப்பார்கள் என்பதால், அவர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்குப் பொறுப்பாளர்