மின்தாள் திரையில் பின்விளக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னூல் வாசிப்புக் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அவற்றின் திரையை ‘வெளிச்சம் குறைக்கப்பட்ட கைபேசித் திரை’ என்று வருணித்திருந்தது. பல ஆண்டுகளாக அத்தகைய கருவியில் வாசித்துவரும் எனக்கு, இந்த விளக்கம் அடிப்படையிலேயே தவறாகப் படுகிறது.

கைபேசித் திரையிலிருந்து ஒளி நம் கண்ணை நோக்கி வருகிறது. வாசிப்புக் கருவியின் திரையான மின்தாளோ, அச்சிட்ட தாளைப் போலத் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இன்று பரவலாக உள்ள கருப்பு வெள்ளைத் திரைகளில், ஏறத்தாழத் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் ஒன்றுக்கொன்று எதிரான மின்னூட்டம் கொண்ட வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அடியிலுள்ள மின்முனையில் தரப்படும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழிறங்க, எழுத்து உருவாகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமுறை மின்னேற்றினால் கருவி வாரக்கணக்கில் உழைப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். கட்டுரையாளர் கருதுவதுபோல் மின்கலத்தின் அளவு அன்று.

இருட்டில் படிப்பதற்காகச் சேர்க்கப்பட்ட விளக்குதான் இந்தக் குழப்பத்துக்கு இடமளித்திருக்க வேண்டும். அது திரைக்குப் பின்னால் இல்லை. ஓரத்திலுள்ள சிறு விளக்குகளின் ஒளி, திரையின் மேலுள்ள மெல்லிய படலத்தின் வழியே பரவித் தாளின்மீது விழுகிறது. அதை அணைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தால், எழுத்து முன்னிலும் தெளிவாகத் தெரியும்.

பக்கம் மாறுகையில் திரை நொடிப்பொழுது கறுத்து மீள்வதைக் கட்டுரை ‘பழுது’ என்கிறது. முந்தைய பக்கத்தின் நிழல் தங்கிவிடாதபடி துகள்களை முழுவதுமாக இடம்பெயர்க்கும் செயலே அது. துகள்கள் திரவத்தினூடே நகர்ந்தாக வேண்டும் என்பதால் காணொளிக்கு இத்திரை ஏற்றதன்று என்பதையும், வண்ண வடிகட்டி பொருத்திய திரைகள் பலவற்றில் எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் தெரிய, வண்ணம் 150 புள்ளிகளில் மட்டுமே அமைகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இவைதாம் வாங்குவோர் அறிய வேண்டிய உண்மையான குறைகள். கட்டுரையில் இவை இடம்பெறவில்லை.

மேலும், இத்தகைய திரை 2007இல் அமேசானின் கிண்டில் வாசிப்புக் கருவியுடன் தொடங்கியதன்று. சோனி நிறுவனம் 2004இலேயே ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இத்திருத்தங்களை, குறிப்பாகப் பின்விளக்கு பற்றியதை, கட்டுரை வெளியான அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்