அசல் முத்திரையோடு வந்த போலி டி-ஷர்ட் குறித்துப் புகார்

அனுப்புநர்
ஒன்பது ஆண்டுகளாக உங்கள் இணையச் சந்தையில் பொருள் வாங்கிவரும் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை உங்கள் பதிவேட்டில் உள்ளன)

பெறுநர்
மேலாளர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'அசல் – உத்தரவாதம்' என்ற உங்கள் முத்திரையோடு விற்கப்பட்ட போலி லகோஸ்ட் டி-ஷர்ட் – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் அரட்டைப் பெட்டியில் நான்கு முறை, நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். நால்வரும் முதலில் ஆர்டர் எண்ணைக் கேட்டார்கள். கடைசியில் இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்தினார்கள். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஒரே ஆள் இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பியின் நாற்பதாவது பிறந்தநாளுக்காக உங்கள் தளத்தில் லகோஸ்ட் டி-ஷர்ட் ஒன்று வாங்கினேன். அடர்நீலம், அரைக்கை, நெஞ்சில் பச்சை முதலை. தம்பி ஒரு காலத்தில் டென்னிஸ் ஆடியவன். அந்த முதலையின் மேல் அவனுக்கு நெடுநாள் ஆசை. ரெனே லகோஸ்ட் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரரின் பட்டப்பெயர்தான் முதலை என்பதும், அவர் 1933-இல் தொடங்கிய நிறுவனம் இது என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மலிவுக்கு ஆசைப்பட்டு ஏமாந்தவள் என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். பாதி விலை, கால் விலை என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். பிராண்டின் சொந்தக் கடை விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. பருவம் முடிந்த சரக்குக்கு எந்த நல்ல கடையும் தருகிற தள்ளுபடி அது. போலி வியாபாரிகள் இப்போது விலையை அப்படித்தான் வைக்கிறார்கள். வாங்குபவருக்குச் சந்தேகமும் வரக் கூடாது, ஆசையும் விடக் கூடாது. அதற்கும் மேல், படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் 'அசல் – உத்தரவாதம்' என்ற முத்திரை. அதைப் போட்டது விற்பனையாளர் அல்ல, நீங்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பரிசுப் பொருள் என்பதால் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். அது என் தவறுதான். பிறந்தநாளன்று தம்பி எல்லார் முன்னாலும் பிரித்து, சந்தோஷமாக என் கையில் நீட்டினான். துணி விரலில் பட்டதுமே தெரிந்துவிட்டது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "என்ன அக்கா, அளவு சரியாகத்தானே இருக்கிறது?" என்று போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முதல் துவைப்பில் வாளித் தண்ணீர் நீலமாகி, கூடக் கிடந்த வெள்ளைத் துண்டும் நீலமான பிறகுதான் சொன்னேன்.

விரலில் பட்டதும் தெரிந்தது என்றேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் செக்கிங் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பீஸ்களைப் புரட்டிப் பார்த்த கைகள் இவை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது பிரதிநிதி, 'தரம் பற்றிய தங்கள் தனிப்பட்ட கருத்து' என்று எழுதியிருந்தார். அவருக்கான பதிலாகத்தான் பின்வருவதை எழுதுகிறேன்.

முதலில் துணி. எல்.12.12 என்று பெயர் பெற்ற இந்த மாதிரியைப் பிக்கே பின்னலில் செய்வார்கள். கண்ணருகே பிடித்தால் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் குழிகள் வரிசை தவறாமல் தெரியும். தொட்டால் லேசாகச் சொரசொரப்பு இருக்கும். எனக்கு வந்தது வழவழவென்று, பின்னால் கையை வைத்தால் விரல் தெரிகிற துணி. லேபிளில் '100% பருத்தி' என்று இருக்கிறது. பக்கத் தையலின் உள்மடிப்பிலிருந்து நாலு இழைகளை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. பாலியஸ்டர் கலப்பு. (தையல் நூல் பாலியஸ்டராக இருப்பது வழக்கம்தானே என்று உங்களில் விவரம் தெரிந்த யாராவது கேட்கக்கூடும். நான் உருவியது தையல் நூலை அல்ல, துணியின் இழையை.)

அடுத்தது முதலை. அசலில் முதலையைத் தனியாக எம்பிராய்டரி செய்து, ஓரம் மட்டும் மெல்லிய நூலால் பிடித்துச் சட்டையில் தைப்பார்கள். உள்பக்கம் திருப்பினால் வெளிக்கோடு மட்டும் லேசாகத் தெரியும். பல்லும் நகமும் தனித்தனியே எண்ணலாம், வாய் சிவப்பு. எனக்கு வந்த முதலைக்குப் பல்லே இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. உடம்பை நேரே துணிமேலேயே தைத்திருக்கிறார்கள்; உள்ளே திருப்பினால் வயிறு முழுக்க நூல் முடிச்சு, அதன்மேல் பாதி கிழிந்த ஒட்டுக் காகிதம், போட்டால் நெஞ்சில் குத்துகிறது. தம்பி மகள் அதைப் பார்த்துவிட்டு "பல்லி" என்றாள். குழந்தைக்குத் தெரிந்தது உங்கள் சோதனைப் பிரிவுக்குத் தெரியவில்லை.

பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசலில் இரண்டு துளை வைத்த சிப்பிப் பொத்தான். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், ஒன்றின் மினுக்கம் இன்னொன்றுக்கு இருக்காது. இங்கே நான்கு துளைப் பிளாஸ்டிக், அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி. காஜாவின் ஓரம் முதல் நாளே பிசிறு விட்டிருந்தது. உங்கள் பக்கத்தில் இருந்த படத்தில் கழுத்து லேபிளில் பிரெஞ்சு அளவுப்படி 5 என்ற எண் இருக்கிறது. என் கையில் இருப்பதில் வெறும் 'எல்'.

எனக்குச் சிரிப்பு வந்தது சலவைக் குறிப்பு லேபிளைப் பார்த்துத்தான். வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. அதற்கு உலர் சலவை கூடாது என்று அர்த்தம். அதற்கு நேர் கீழே, உலர் சலவை மட்டுமே செய்யவும் என்று எழுத்தில் இருக்கிறது. குறிகளின் வரிசையும் குளறுபடி. சலவைக் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 3758 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி துவைத்தல், வெளுத்தல், உலர்த்துதல், இஸ்திரி, தொழில்முறைச் சலவை என்ற வரிசையில் குறிகள் வர வேண்டும்; இங்கே இஸ்திரி முதலில் வந்து நிற்கிறது. நெஞ்சுச் சின்னத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற போலிக்காரர்கள்கூட உள்லேபிளில்தான் அசந்துபோவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் என்னால் பார்த்திருக்க முடியாது. பக்கத்தில் இருந்தவை பிராண்டின் சொந்த விளம்பரப் படங்கள். விற்பனையாளர் தன் கையில் இருக்கும் சரக்கை ஒரு படம்கூட எடுத்துப் போடவில்லை. துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லாத இடத்தில் பதினேழு ஆண்டு அனுபவமும் ஒன்றுதான், ஒன்றுமே தெரியாததும் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பக்கத்திலேயே வேறு அடையாளங்கள் இருந்தன. ஏமாந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். 4.6 நட்சத்திரம், ஆயிரத்துக்கு மேல் மதிப்புரைகள். பழையவற்றைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், 'மூடி இறுக்கமாக இருக்கிறது, தண்ணீர் ஒழுகவில்லை' என்று ஒருவர் டி-ஷர்ட்டைப் பாராட்டியிருக்கிறார். 'ஒரு லிட்டர் என்று சொன்னார்கள், முக்கால் லிட்டர்தான் பிடிக்கிறது' என்று இன்னொருவருக்கு வருத்தம். தண்ணீர் பாட்டில் விற்ற பக்கத்தின் படத்தையும் பெயரையும் மாற்றி, சேர்ந்திருந்த நட்சத்திரங்களோடு அப்படியே முதலை டி-ஷர்ட்டாக்கியிருக்கிறார்கள். அதே விற்பனையாளரிடம் கைபேசி உறையும் மீன் தொட்டி வடிகட்டியும் கிடைக்கின்றன. எல்லா நிறத்திலும் எல்லா அளவிலும் டி-ஷர்ட் இருப்பு இருக்கிறது; பருவம் முடிந்த சரக்கில் அப்படி இருக்கவே இருக்காது.

நான் முன்பே கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் என்னிடம் இருந்தது பத்து நிமிடமும் ஒரு கைபேசித் திரையும். உங்களிடம் அந்த விற்பனையாளரின் அடையாள ஆவணம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, கொள்முதல் ரசீதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. பாட்டில் ஒரே இரவில் டி-ஷர்ட் ஆனது உங்கள் கணினியில் பதிவாகியிருக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு முத்திரை குத்தியவர்கள் நீங்கள்.

இனி உங்கள் பதில்கள். திருப்பியனுப்பும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்றார் முதலாமவர். அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கெடு பொருந்தும். சொன்ன பொருளையே அனுப்பாதபோது கெடு எங்கிருந்து வந்தது? போலி என்று பிராண்டிடமிருந்து சான்று வாங்கி வாருங்கள் என்றார் இரண்டாமவர். தனிநபர்களுக்கு அப்படிச் சான்று தரும் வழக்கம் பல பிராண்டுகளிடம் கிடையாது. நடக்காது என்று தெரிந்தே கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது. உண்மையில் சான்று காட்ட வேண்டியவர் விற்றவர். அசல் சரக்கு என்றால் அதை எங்கே வாங்கினார் என்பதற்கு ஒரு ரசீது இருந்தாக வேண்டும். அதைக் கேட்டீர்களா?

இது மிக அரிதாக நடக்கும் தவறு என்று மூன்றாமவர் எழுதினார். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2021-இல் நாடுகளுக்கிடையே கைமாறிய போலிச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 46,700 கோடி டாலர். உலக இறக்குமதியில் 2.3 சதவீதம். அதில் ஆடையும் காலணியும் முன்வரிசையில் நிற்கின்றன. அரிது என்று சொல்லும் முன் உங்கள் பிரதிநிதி அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

நான்காமவர் கொஞ்சம் இரங்கினார். சட்டையை விற்பனையாளருக்கே அனுப்பிவிட்டால், உங்கள் தளத்தில் செலவழிக்க ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அவர் இஸ்திரி போட்டு, புது உறையில் மடித்து வைத்து, அடுத்தவருக்கு விற்பார். அந்த அடுத்தவருக்கு இழையை எரித்துப் பார்க்கத் தெரிந்திருக்காது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பொட்டலம் வந்தது உங்கள் கிடங்கிலிருந்து. ஒரே பட்டைக்குறி (பார்கோடு) கொண்ட சரக்கு எத்தனை விற்பனையாளரிடமிருந்து வந்தாலும் ஒரே அடுக்கில் கலந்து வைத்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து அனுப்பும் முறை இணையச் சந்தைகளில் உண்டு. உங்கள் கிடங்கிலும் அப்படித்தானா? ஆம் என்றால், நேர்மையான விற்பனையாளரிடம் ஆர்டர் கொடுத்தவருக்கும் இந்தப் பல்லி போய்ச் சேரும். இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நான் எழுதிய மதிப்புரையை நீக்கியதைச் சொல்லாமல் விட முடியாது. 'இது போலி, படங்களைப் பாருங்கள்' என்று எழுதி ஆறு படங்கள் இணைத்திருந்தேன். பொருளைப் பற்றியது அல்ல, விற்பனையாளரைப் பற்றியது என்ற காரணத்தைக் காட்டி மறுநாளே எடுத்துவிட்டீர்கள். தண்ணீர் ஒழுகவில்லை என்ற மதிப்புரை இன்னும் அங்கேயே இருக்கிறது.

நாங்கள் வெறும் இடைத்தளம், விற்பவர் வேறு என்பதுதான் உங்கள் கடைசிப் பதிலாக இருக்கும் என்று தெரியும். நீதிமன்றங்கள் இதில் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. 2008-இல் பாரிஸ் வணிக நீதிமன்றம், போலிப் பொருள் விற்பனை உள்ளிட்ட புகார்களில் லூயி வித்தோன் முதலிய ஆடம்பர பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்ஹெச் குழுமத்துக்கு, உங்களைப் போன்ற இணையச் சந்தையான ஈபே நிறுவனம் ஏறத்தாழ 4 கோடி யூரோ தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது. 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், டிஃபனி நகை நிறுவனம் தொடுத்த வழக்கில் வணிகச் சின்னத்தை மீறியதற்கு ஈபே பொறுப்பல்ல என்றது. தளத்தில் போலி நடமாடுகிறது என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது, எந்தப் பொருள் போலி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே சொன்ன காரணம். இவை பிராண்டுகள் தொடுத்த வழக்குகள். என்னைப் போல வாங்கியவர்கள் தொடுத்தவை அல்ல என்பதும் தெரியும். ஆனால் இரண்டாவது தீர்ப்பின் காரணத்தை நீங்களும் ஒருநாள் சொல்லக்கூடும் அல்லவா? அதனால் குறிப்பாகவே சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் எண், விற்பனையாளரின் பதிவுப் பெயர், ஆர்டர் எண், தேதி எல்லாவற்றையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது இது. கட்டிய முழுப் பணமும், நான் பணம் கட்டிய அதே கணக்குக்கு வர வேண்டும், கூப்பன் வேண்டாம். சட்டையை உங்கள் நிறுவனமே வாங்கி அழிப்பதாக எழுதிக் கொடுத்தால் ஒப்படைக்கிறேன், அதுவரை என்னிடமே இருக்கும். அந்தப் பக்கத்தை முடக்குங்கள். அதில் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, திருப்பியனுப்பும் கெடுவைக் காரணம் காட்டாமல், தகவல் அனுப்புங்கள். அவர்களில் பலர் இன்னும் அதை அசல் என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீக்கிய மதிப்புரையைத் திரும்பப் போடுங்கள். அப்புறம், அந்தப் பச்சை முத்திரையைக் குத்துவதற்கு முன் நீங்கள் எதைச் சோதிக்கிறீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். ஒன்றையும் சோதிப்பதில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையத்துக்குப் போவேன். ஒரு நகல் பிராண்டின் சட்டப் பிரிவுக்கும் போகும். அவர்கள் எனக்குச் சான்று தராவிட்டாலும், தங்கள் முதலைக்குப் பல் பிடுங்கியவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் விவரத் தாள், ரசீது நகல், படங்கள் ஆறு, நான்கு அரட்டைகளின் பிரதி, நீலமான வெள்ளைத் துண்டின் படம் ஒன்று, உருகி இறுகிய இழைமணி ஒட்டிய காகிதம் ஒன்று.