ஃபெரென்ஸியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் மனக்காயம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தாக்குகிறவரோடு குழந்தை மனம் ஒன்றிப்போவதை முதலில் சொன்னவர், பேச்சின் வழியே மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு, ஆண்டு 1936 என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1932 செப்டம்பரில், ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் அதைப் பேசியவர் புடாபெஸ்ட் மருத்துவர் ஷாண்டோர் ஃபெரென்ஸி. அன்னா சொன்ன குழந்தை, மிரட்டியவரைப் போலத் தானும் மிரட்டும். ஃபெரென்ஸி சொன்ன குழந்தை பயத்தில் அடங்கிப்போய், பெரியவர் மனதில் இருப்பதை ஊகித்து அதன்படி நடக்கும். அந்தப் பெரியவருடைய குற்ற உணர்வையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். இன்னொன்றும் சொன்னார். குழந்தை நம்பி ஓடிப்போய்ச் சொல்கிற அடுத்த ஆளும், பெரும்பாலும் அம்மாதான், 'சும்மா உளறாதே' என்று தள்ளிவிட்டால் காயம் இன்னும் ஆழமாகிறது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருநாள் மதியம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கையில் சாக்பீஸ் டப்பாவோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகமாட்டேன் டீச்சர், அவர் நல்லவரில்லை" என்றாள். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றேன். "சாரி டீச்சர்" என்று டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏன் 'சாரி' சொன்னாள் என்பது, வேலையை விட்ட பிறகு ஃபெரென்ஸியைப் படித்தபோதுதான் உறைத்தது.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். மாநாட்டுக்கு முன் வியன்னா போய் ஃப்ராய்டிடம் அந்த உரையைப் படித்துக்காட்டினார். ஃப்ராய்டு, அச்சில் வர வேண்டாம் என்றார். ஆனாலும் 1933-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. அதே வருஷம் மே மாதம் ஃபெரென்ஸி ரத்தசோகையில் இறந்தார். ஆங்கிலத்தில் வர 1949 ஆயிற்று. அதற்குப் பாடுபட்டவர் அவருடைய சீடர் மைக்கேல் பாலிண்ட். ஃப்ராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸோ, கடைசிக் காலத்தில் ஃபெரென்ஸிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று 1957-இல் எழுதிவைத்தார். சொன்னவரையே பைத்தியம் என்பது பழைய உபாயம்தானே! நோயாளிகள் தன்னை எங்கெங்கே பிழை பிடித்தார்கள் என்பதையெல்லாம் ஃபெரென்ஸி ஒளிக்காமல் எழுதிய 1932 நாட்குறிப்பு 1985 வரை அச்சுக்கே வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தமாவது போடுங்கள். இடமிருந்தால், அவரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம்.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்