கால் தெரியாத நடனம்: மியூசிக்கல் டிவிடி தொகுப்பு குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹாலிவுட் மியூசிக்கல் படங்களின் 4 டிவிடி தொகுப்பை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் தொகுப்பின் அட்டையில் ‘தியேட்டரில் வந்த அதே வடிவில்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நாலு படத்தில் ஒன்றுகூட அப்படி இல்லை.

‘டாப் ஹேட்’ (1935) 1.37:1 சட்டத்தில் (அகலத்துக்கு உயரம்) எடுத்த படம். கிட்டத்தட்ட பழைய டிவி வடிவம். இன்றைய டிவியின் அகலமான 16:9 திரையை நிரப்ப வேண்டுமென்று அதை மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள். உயரத்தில் 23 சதவீதம் போய்விட்டது. வேறு படமென்றால் கூரையும் தரையும்தானே போனது என்று விட்டுவிடலாம். ஆனால் படத்தின் நாயகன் ஃபிரெட் அஸ்டேர், தான் ஆடும்போது தலை முதல் பாதம்வரை முழு உருவமும் தெரிய வேண்டும் என்பதில் கறாராக இருந்தவர். அதனால் நடனக் காட்சிகளில் தொப்பிக்கு மேலும் ஷூவுக்குக் கீழும் கொஞ்சம்தான் இடம் இருக்கும். உங்கள் கத்தரி சரியாக அந்த இரண்டு இடத்திலும் விழுந்திருக்கிறது. கணுக்காலோடு படம் முடிந்துவிடுகிறது. ஷூவால் தரையைத் தட்டி ஆடும் டேப் நடனத்தின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. பெயரிலேயே தொப்பி உள்ள படத்தில் தொப்பியும் பாதிதான்.

டிவியின் ஜூம் அமைப்பு இதற்குக் காரணமில்லை. கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டாலும் அதே வெட்டுதான்.

‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ (1954) படத்தில் வெட்டு பக்கவாட்டில். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையின் 2.55:1 அகலத்தில் 30 சதவீதம் காணோம். களஞ்சியம் கட்டும் நடனத்தில் நடன இயக்குநர் மைக்கேல் கிட் திரையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை ஆட்களைப் பரப்பியிருப்பார். இங்கே ஓரத்தில் இருப்பவர்கள் அரை உடம்போடு குதிக்கிறார்கள். சினிமாஸ்கோப் இல்லாத தியேட்டர்களுக்காக அதே படத்தைச் சாதாரண வடிவத்தில் தனியாகவும் எடுத்திருந்தார்கள். திரையை நிரப்பத்தான் வேண்டுமென்றால் அந்தப் பிரதியை வாங்கியிருக்கலாமே.

‘சிங்கிங் இன் த ரெய்ன்’ (1952) படத்தில் கோளாறு காதுக்கு. தியேட்டரில் நொடிக்கு 24 ஃபிரேம், பால் (PAL) எனும் டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் 25. எதையும் சரிசெய்யாமல் அப்படியே வேகமாக ஓட்டியதால் 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிகிறது. சுருதியும் கூடவே ஏறுகிறது: அரைக்கட்டையில் பத்தில் ஏழு பங்கு. சுருதிப் பெட்டியை வைத்து, படத்தின் இசைத்தட்டையும் டிவிடியையும் அடுத்தடுத்து ஓட்டினால் உடனே பிடிபடும். நாயகன் ஜீன் கெல்லியின் குரல் இளைத்துக் கேட்கிறது. மாஸ்டர் (டிவிடிக்கான மூலப் பிரதி) செய்யும்போதே சுருதியைத் திருத்த வழி உண்டு, செய்யவில்லை.

இது போதாதென்று, அதே வட்டில் ஒலி சுமார் 120 மில்லிசெகண்ட், அதாவது 3 ஃபிரேம், பிந்தி வருகிறது. வசனத்தில் சிலர் கவனிக்காமல் விடலாம். கெல்லியும் உடன் நடித்த டொனால்ட் ஓ’கானரும் சேர்ந்து டேப் ஆடும் இடத்தில், கால் தரையை விட்டுத் தூக்கிய பிறகு ‘டக்’ என்கிறது. உங்கள் சேவை மையம் சொன்ன ‘ஆடியோ டிலே’ இதற்கு உதவாது. டிவியில் அது பொதுவாக ஒலியை இன்னும் தாமதப்படுத்தும், முன்னுக்குக் கொண்டுவராது. பேசும்படம் வந்த புதிதில் ஒலியும் உதடும் ஒட்டாமல் தியேட்டரே சிரித்த கூத்துதான் அந்தப் படத்தின் கதை. அதை நீங்கள் மறுபடி நடத்திக் காட்ட வேண்டியதில்லை.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) முன்னிசையையே காணோம். இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் இசை ஓட ஓட, வடிவமைப்பாளர் சால் பாஸ் வரைந்த செங்குத்துக் கோடுகளின் பின்னணி நிறம் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கோடுகளே மன்ஹாட்டன் நகரமாக ஆகும். உங்கள் பிரதி நேராக, நகரத்தை வானத்திலிருந்து காட்டும் காட்சியில் தொடங்குகிறது. தவிர, நாலு படத்திலும் பாட்டு ஆரம்பித்ததும் சப்டைட்டில் நின்றுவிடுகிறது.

வெட்டாத சட்டத்திலும் சரியான வேகத்திலும் உள்ள பிரதிகளை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். இதே மாஸ்டரிலிருந்து இன்னொரு பெட்டி வேண்டாம். அதுதான் உங்களிடம் இருக்கிறதென்றால் முழுத் தொகையையும் திருப்பிவிடுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. பில் நகலும், வெட்டு தெரியும் 6 ஸ்க்ரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்