சுவரின் மறுபக்கத்துப் பெயர்கள்

கோயம்புத்தூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள கயல்,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் நான்கு மாதங்களைக் கடத்திவிட்டேன். தேர்வையும் ஆய்வகப் பதிவேட்டையும் காரணமாகச் சொல்லலாம், ஆனால் உன்னிடம் அவை செல்லாது என்று தெரியும். வீட்டில் எல்லோரும் நலம். பாட்டிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. புணேக் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லி உனக்குச் சேதி அனுப்பியிருக்கிறார். இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் நான் தஞ்சாவூரில் இருந்தேன்.

ஆம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நீயும் நானும் செல்வியும் போவதாக இருந்து, செல்வியின் அக்கா திருமணத்தால் நின்றுபோன அதே தஞ்சாவூர்தான். நீ இல்லாமல் போனது உறுத்தலாகவே இருக்கிறது. விடுதித் தோழியர் மூவர் வெள்ளிக்கிழமை இரவு திடீரென்று முடிவெடுத்து, காலை ஜன சதாப்தியில் எனக்கும் சேர்த்து இடம் பதிவு செய்துவிட்டார்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. செல்வியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

நண்பகலை ஒட்டித்தான் போய் இறங்கினோம். பெரிய கோயிலில் நடை சாத்தும் நேரமாதலால் முதலில் அரண்மனைக்குப் போனோம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு இடபவாகனர், காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி, இருக்கிறார். காளை இப்போது இல்லை. அதன்மேல் ஊன்றியிருந்த கை மட்டும் காற்றில் அப்படியே தங்கியிருக்கிறது. தலைமுடியைப் பாம்புகளோடு சேர்த்துச் சுருட்டி முடித்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். 1011-ஆம் ஆண்டில் வார்த்தது. சரஸ்வதி மகால் நூலகத்தை அவசரமாகத்தான் பார்த்தோம், அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

மாலையில் கோயிலுக்குள் நுழைந்தபோது கூட்டம் நெருக்கியது. கட்டடப் பொறியியல் படிக்கிறவள் என்பதால் மற்றவர்கள் என்னைத்தான் விளக்கச் சொன்னார்கள். சுற்றிலும் வயலும் வண்டலுமான ஊரில், தொலைவிலிருந்து கருங்கல்லைக் கொண்டுவந்து, சாந்து வைத்து ஒட்டாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு உள்ளீடற்ற விமானத்தை எழுப்பியிருப்பதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு குடும்பத்தாரிடம் மிகுந்த பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார். கயல், நிழல் விழுகிறது. மறுநாள் காலையில் மேற்குப் பக்கத் தரையில் நீளமாக விழுந்து கிடந்ததை நான் நின்று பார்த்தேன், அதன்மேல் நடக்கவும் செய்தேன். ஆகவே எட்டாம் வகுப்பில் என்னிடம் நீ வென்ற பத்துத் தேன்மிட்டாய்களையும் இந்தத் தீபாவளிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்ற கதையும் நிற்காது, அது பல கற்களை இணைத்துச் செய்தது. நாம் படம் வரைந்து பரிசு வாங்கிய அந்த நந்திகூட இராஜராஜன் காலத்தது அன்று, பிற்கால நாயக்கர் வைத்தது. இவற்றையெல்லாம் களைந்த பிறகும் அந்தக் கோயிலின் பெருமை ஒரு விரற்கடை குறையவில்லை என்பதை உனக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி. எங்களோடு வந்த தேன்மொழி வரலாற்றுத் துறை மாணவி. சோழர் கால எழுத்துகளின் அட்டவணை ஒன்றையும், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் நகல் பக்கங்களையும் பையில் வைத்திருந்தாள். மற்ற இருவரும் உறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஆறரை மணிக்கே விமானத்தின் வடக்குப் பக்கம் போய் நின்றோம். கல் அப்போது குளிர்ந்திருந்தது. விமானத்தின் அடிப்பீடமான அதிட்டானம் முழுவதும் எழுத்து. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது, ரகரமும் காலும் ஒரே வடிவம், இடையிடையே கிரந்த எழுத்துகள். ஆயினும் பகரமும் டகரமும் மகரமும் நம் பிள்ளைப்பருவத்துச் சிலேட்டில் இருந்தவைதாம். தேன்மொழி கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் நகர்த்திக் காட்ட, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, கால்மணி நேரத்துக்குப் பிறகு நானே ஒரு தொடரைப் படித்துவிட்டேன்: ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டுக என்று மன்னன் சொன்ன இடம் அது. ‘குடுத்தன’ என்றுதான் இருக்கிறது, கயல். பாட்டி சொல்வதுபோலவே. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு வடக்குத் திருச்சுற்று மாளிகையில் போய் உட்கார்ந்தோம். நாங்கள் சாய்ந்திருந்த சுவரின் மறுபக்கத்தில்தான் தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலைச் சார்ந்த குடியிருப்பில் வாழ்ந்த ஆடல்மகளிரின், கல்வெட்டு இருக்கிறது என்று சொல்லி, அவள் நகலை விரித்துப் படிக்கத் தொடங்கினாள். இராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று நம் ஊர்த் தபால்காரரின் குறிப்பேட்டைப் போல வரிசையாகப் போகிறது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீடு திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கைக்கு. அதே வரிசையில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். ஆடவல்லானின், நம் நடராசரின், தூக்கிய திருவடியை ஒரு பெண் குழந்தைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்! அந்தப் பெயரைக் கேட்டதும் நான் தேன்மொழியை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெண்களுக்குப் பிறகு நட்டுவம் செய்தவர், பாடியவர், குடை பிடித்தவர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. கோயிலின் பெருந்தச்சனான குஞ்சரமல்லனின் பெயரும் கல்லில் உண்டு.

மகிழ்ச்சி மட்டுமே இருந்ததாக எண்ணிவிடாதே. படிக்கப் படிக்க மனம் கனக்கவும் செய்தது. அவர்கள் பெயருக்கு முன்னால் ‘நக்கன்’ என்று சிவனின் பெயர் வருகிறதே தவிர, பெற்ற தாய் தந்தையின் பெயர் வரவில்லை. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் பழையாற்றிலும் இருந்தவர்களை எழுந்து வா என்று அழைத்தபோது, வர விருப்பமா என்று யாராவது கேட்டிருப்பார்களா? ஒருத்தி இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ அவளுடைய பங்கு யாருக்குச் சேரும் என்று அந்தக் கல்வெட்டு கவனமாகச் சொல்கிறது. அவள் ஏன் போனாள் என்பது கல்வெட்டுக்கு வேண்டாத செய்தி. நூறு கலம் நெல் சிறிய பங்கு அன்று, ஒரு குடும்பம் நன்றாகவே வாழலாம் என்று தேன்மொழி சொன்னாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் இதைப் பற்றி இருவரும் வாதாடிக்கொண்டே வந்தோம். உன் கருத்தையும் எழுது.

இன்னொன்றும் என்னை உலுக்கிவிட்டது. இவ்வளவும் சுவரில் எழுதியிருந்தும், கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்றுதான் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன பிறகே இராஜராஜன் என்பது உறுதிப்பட்டது. அந்தச் சுவரைத் தினமும் வலம் வந்தவர்களுக்குத் தமிழ் தெரியும். இந்த எழுத்துதான் தெரியாமல் போயிற்று. நானும் ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவில் இதே சுவரைக் கடந்து போயிருக்கிறேன், அப்போது அந்த எழுத்துகளை வெறும் வேலைப்பாடு என்று நினைத்தேன். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்தபோது, இளைஞன் ஒருவன் தூண் ஒன்றில் சாவியால் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். தேன்மொழி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டாள். அவன் சண்டைக்கு வந்தான். பிறகு அவளே அவனை அழைத்துப்போய் அட்டவணையைக் காட்டி, அவன் பெயரைச் சோழர் எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இப்போது, உனக்கு மட்டும் சொல்லும் செய்தி. பட்டப்படிப்பு முடிந்ததும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் படிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் பயணத்தில் எடுத்த முடிவு என்று நீ சொல்வாய். நேற்று இரவும் இன்று இரவும் அட்டவணையை வைத்துக்கொண்டு பத்துப் பத்து வரிகள் எழுதிப் பார்த்தேன், ஆவல் தணியவில்லை. கல்லின் எடையையும் சுமையையும் கணக்கிடத் தெரிந்த ஒருத்தி கல்லில் இருப்பதைப் படிக்கவும் கற்றுக்கொண்டால் சிதையும் கோயில்களுக்கு உதவலாம் என்று அப்பாவிடம் சொல்லப் பார்க்கிறேன். வேலைவாய்ப்பு முகாமுக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருப்பதால் வாய் வரவில்லை. எனக்கு வேலை கிடைக்கும் என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்பது உனக்கே தெரியும். நான் சொன்னால் படபடத்துச் சொல்வேன். உன் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்பார், நம் பள்ளி ஆண்டுவிழா விவகாரத்திலேயே பார்த்தோமே. தீபாவளிக்கு வரும்போது முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு.

டிசம்பர் விடுமுறையில் நீ, நான், செல்வி மூவருமாகத் தஞ்சாவூருக்குப் போகிறோம். இம்முறை யார் அக்கா திருமணமும் தடையாகாது. நீ கற்றுக்கொண்டிருக்கும் மராத்திக்கும் அங்கே வேலை இருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராத்திய அரசர்களான போன்சலே மரபின் வரலாற்றை 1803-இல் சரபோஜி மன்னர் அதே கோயில் சுவரில் மராத்தியில் பொறித்து வைத்திருக்கிறார். அதை நீ எனக்குப் படித்துக் காட்டு, சேரமங்கையின் வீட்டை நான் உனக்குப் படித்துக் காட்டுகிறேன். எழுத்து அட்டவணையின் நகலொன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன், படிக்க முடிகிறதா என்று பதிலில் சொல்.

அன்புடன்,
மலர்