ஒன்பது விளக்கும் ஒன்பது நாள் எரிய: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் நாள் தொடங்கி ஒன்பது நாள் நடப்பது கியூ ஓங் யா எனும் ஒன்பது பேரரசர் சாமிகளின் திருவிழா. பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் நம்மவர் சீன அன்பர்களோடு சேர்ந்து வெள்ளை உடுத்தி விரதம் இருப்பது புதிதல்ல. இந்த ஆண்டு விளக்குக் கம்பத்தையும் அன்னதானச் சமையலறையையும் எங்கள் குழு ஏற்றிருக்கிறது. இரண்டுக்கும் உங்கள் கை வேண்டும்.

நாம் சப்தரிஷி மண்டலம் என்று காட்டும் ஏழு விண்மீன்களும், கண்ணுக்கு எட்டாத துணை விண்மீன்கள் இரண்டும்தான் இந்த ஒன்பது பேரரசர்கள். அவர்களைப் பெற்ற தாய் தௌ பூ. பல கைகளோடு அமர்ந்து, உயர்த்திய இரு கைகளில் சூரியனையும் சந்திரனையும் ஏந்தியிருப்பாள். மனிதரின் ஆயுள் கணக்கு இந்த வடதிசை விண்மீன்களிடம் இருக்கிறது என்பது சீனரின் தாவோ சமய மரபின் நம்பிக்கை. கம்பத்தில் எரியும் ஒன்பது விளக்கை அடியார்கள் அத்தனை கவலையோடு அண்ணாந்து பார்ப்பது அதனால்தான்.

எட்டாம் மாதக் கடைசி நாளில் கம்பம் ஏறும். நீர்க்கரையிலிருந்து சாமியை அழைத்து வருவார்கள். கம்பம் ஒற்றை மூங்கில், உச்சி இலைக்கொத்தோடு. காய்ந்த மூங்கில் காற்றில் வளையாமல் பிளந்துவிடும் என்பதால் பச்சையாகவே வெட்ட வேண்டும். விளக்குகளைக் காலையும் மாலையும் கயிற்றில் இறக்கி, எண்ணெய் ஊற்றி, திரியைக் கிள்ளி, மறுபடி ஏற்றுவோம். ஒரு விளக்குக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் என்று வைத்தால் 20 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். அந்த மாதங்களில் பினாங்கில் மழை கொட்டும். விளக்கு அணைவதற்குக் காற்றைவிட மழைத்துளியே பெரும்பாலும் காரணம்: எண்ணெயில் நீர் இறங்கினால் திரி பொரிந்து அணையும். ஆகவே இம்முறை மூடியுள்ள கண்ணாடிக் கூடுகள் ஒன்பதும், உதிரியாக மூன்றும் வாங்குகிறோம். நனைந்தால் இறுகிக்கொள்ளாத நைலான் கயிறும், கம்பத்தின் அடியைப் பிடிக்க இரும்புக் குழாய் பதித்த சிமெண்டுப் பீடமும் வேண்டும்.

பெரிய செலவு சமையலறைதான். அசைவம் ஒருமுறை வெந்த பாத்திரம் உள்ளே வரக் கூடாது. கடன் வாங்கிய அண்டா எங்கே இருந்தது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? எனவே புது அண்டா நான்கு, புது வாணலி இரண்டு, கரண்டிகள். நாளுக்கு 500 பேர் என்று கணக்கிட்டால், நூறு பேருக்கு 10 கிலோ வீதம் ஒன்பது நாளுக்கு 450 கிலோ அரிசி.

பொருளாகத் தருபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். நம் வீட்டுச் சைவமும் இந்தச் சைவமும் ஒன்றல்ல. வெங்காயம், பூண்டு, முட்டை கிடையாது. எங்கள் சமையலறையில் பாலும் நெய்யும் இல்லை. பெருங்காயமும் ஆகாது, சீனப் பௌத்தர் விலக்கும் ஐந்து நாற்றப் பொருள்களில் அதுவும் ஒன்று. தாவோ மரபின் பழைய பட்டியலிலோ கொத்தமல்லியும் இருக்கிறது. ஆகவே சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, அப்பளம், ஊறுகாய் எதுவும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு வரும் இவைதான் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்ப நேர்கிறது. சைவ 'இறைச்சி' டின்களில் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கும், உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். துவரம்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, காய்ந்த காளான், தோஃபு, சமையல் எண்ணெய் எவ்வளவு வந்தாலும் செலவாகும்.

மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் நாள்களில் கோயிலைக் காக்கும் ஐந்து திசைப் படைகளுக்குப் படையல் உண்டு. கிழக்குக்குப் பச்சை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு வெள்ளை, வடக்குக்குக் கறுப்பு, நடுவுக்கு மஞ்சள் கொடி. வீரர்களுக்குச் சைவ உணவு, அவர்களின் குதிரைகளுக்குப் புல்லும் தண்ணீரும். ஐயனார் குதிரைகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுப் புல் அறுத்துத் தர ஆள் இருந்தால் பணத்தைவிட உதவி.

ஒன்பதாம் இரவு சாமியை வழியனுப்பும் படகுக்கு அரிசி, உப்பு, தேயிலை, விறகு ஏற்ற வேண்டும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் கரையிலேயே கவிழும். சிறு சிறு பைகளாகக் கட்டித் தாருங்கள்.

பணம் தருவோர் சிவப்பு உறையில் தாருங்கள். வெள்ளை உறை சீனரிடம் துக்க வீட்டுக்கு உரியது. தொகை நான்கில் முடியாமல் இருக்கட்டும், அந்த எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும். 9, 99 இரண்டும் இவ்விழாவுக்குப் பொருத்தம். நம் வழக்கப்படி 101 வைத்தாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். கோயில் அலுவலகத்தில் மட்டும் செலுத்தி ரசீது பெறுங்கள். வீடு வீடாக வசூலிக்க நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. கணக்கு, விழா முடிந்ததும் தமிழிலும் சீனத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

வீட்டில் துக்கத் தீட்டு உள்ளவர்கள் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். பாத்திரங்களும் மளிகையும் எட்டாம் மாதக் கடைசி நாள் நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும். கம்பம் ஏறிய பிறகு புதுப் பாத்திரம் எதையும் அடுப்பங்கரைக்குள் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
விளக்கு, அன்னதானக் குழுவினர்