கோழிக்கும் ராத்திரி வேண்டும்

ஐயா,

பல்லடம், பொங்கலூர் பக்கம் கறிக்கோழிச் செட்டுகள் பலவற்றில் விடிய விடிய விளக்கு எரிகிறது. வெளிச்சம் இருந்தால் தீனி எடுக்கும், தீனி எடுத்தால் எடை ஏறும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் எதிர்ப்புச் சக்தி விட்டுப்போகிறது.

கோழியின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மண்டையோட்டின் வழியாகவே வெளிச்சத்தை உணரும். இருட்டினால்தான் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். தைமஸ், மண்ணீரல், ஆசனவாய்க்கு மேலுள்ள பர்சா ஆகிய எதிர்ப்புச் சக்தி உறுப்புகளின் வெள்ளணுக்கள் இந்தச் சுரப்பை வைத்தே ராத்திரி எது, பகல் எது என்று அறிந்து ஏறி இறங்குகின்றன. 23 மணி நேர வெளிச்சத்தில் மெலடோனின் எழும்பாது. ஏற்ற இறக்கமும் மங்கிவிடும். கம்போரோ என்ற கோழி நோயின் வைரஸ் தாக்குவதும் அதே பர்சாவைத்தான். தடுப்பூசி போட்டும் பலன் போதவில்லை என்று மருந்தைக் குறை சொல்லும் முன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். மெலடோனின் பொடியைத் தீனியில் கலப்பது வீண் செலவு. அது உடம்பில் அதிக நேரம் நிற்காது, இருட்டோ இலவசம்.

முதல் வாரம் ராத்திரிக்கு 1 மணி நேரம் அணைத்துப் பழக்குங்கள். ஏழாம் நாளுக்கு மேல், எடை 150 கிராமைத் தாண்டியதும், 3 மணி, பிறகு 6 மணி நேரம். அணைக்கும் நேரம் பேட்ச் முடியும் வரை மாறவே கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் போடும் நேரத்தில்தான். இரவு 9.30-க்கு இருட்டும் என்று பழகிய கோழி, அதற்கு முன்பே தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும். நேரம் தாறுமாறானால் வெறும் பையோடு படுத்து, விளக்குப் போட்டதும் தட்டுக்கு முண்டியடிக்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறி முதுகு கீறும், கீறலில் சீழ் பிடிக்கும். அதனால் விளக்குப் போடும்போது தட்டுகள் நிறைந்திருக்கட்டும்.

வாசல் விளக்கும் தெரு விளக்கும் உள்ளே அடித்தால் பலனில்லை. அந்தப் பக்கம் படுதாவை இறக்குங்கள். செட்டுக்குள் நின்று இந்தப் பத்திரிகையின் தலைப்பைப் படிக்க முடிந்தால் அது இருட்டல்ல. இடையில் டார்ச் அடித்துச் செத்த கோழி பொறுக்குவதும் வேண்டாம். மின்விசிறி மட்டும் ஓடட்டும்.

மார்கழிக் குளிரில் பல்புதான் சூடும் தருகிறது என்பார்கள். உண்மைதான், பல்பை அணைத்தால் குஞ்சுகள் குமிந்து மூச்சுமுட்டிச் சாகும். குஞ்சுகளுக்குச் சூடு தரும் கேஸ் புரூடரோ கரிச்சட்டியோ வைத்துக்கொண்டுதான் அணைக்க வேண்டும். கரிச்சட்டி வைத்தால் புகை போக வழி விடுங்கள். சித்திரை வெயிலில் பகல் 10 முதல் 4 வரை தீனி நிறுத்துவோர் இருட்டை 4 மணி நேரமாகக் குறைக்கலாம். ஆனால் அந்த நான்கும் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 2007-ஆம் ஆண்டு விதிப்படியே கறிக்கோழிக்கு 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரம் இடைவிடாமல், கட்டாயம். இங்கே தடையாக நிற்பது, குஞ்சு கொடுத்து வளர்க்க விடும் கம்பெனிகள் பார்க்கும் பதினான்காம் நாள் எடைதான். இருட்டுக் கொடுத்த பேட்ச் அன்று சற்றுப் பின்தங்கும், கடைசி வாரங்களில் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். குஞ்சு விடும் கம்பெனிகள் அந்த ஒரு நாள் எடையை வைத்துப் பண்ணைக்காரரைக் கடிந்துகொள்ளாமல், பிடிக்கும் நாள் எடை, சாவு எண்ணிக்கை, தீனிச் செலவு மூன்றையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

- கால்நடை மருத்துவர்கள் இருவர், பல்லடம் வட்டாரம்